குரல்துணை வாங்கிக்கொண்ட சம்மன்

ஐந்து மாதம் கடலுக்கு அடியில் இருந்துவிட்டுக் கரையேறி வந்த பிரிஸ்காவை வரவேற்க, அவள் வீட்டு மொட்டை மாடியில் ஓர் அமீனா உட்கார்ந்திருந்தார்.

காக்கிச் சட்டை. மார்பில் நீதிமன்றத்தின் பித்தளை வில்லை. கால்மாட்டில் நான்கு பெரிய மூங்கில் கூடைகள். தோளில் ஒரு புறா. அதை விரட்டிவிடக்கூட அவருக்குத் தெம்பில்லை என்பது பார்த்தாலே தெரிந்தது.

"யாரு நீங்க? என் மாடியில என்ன செய்யுதீங்க?" என்றாள் பிரிஸ்கா, தோள் பையை இறக்காமலே.

"பிரதிவாதி நீங்கதானா? அப்பாடா!" அவர் துள்ளி எழுந்தார். "ஒங்களக் கண்ணால பாக்க ஒரு மாசமா தவம் கெடக்கேன். பேரு சுடலையாண்டி. கோர்ட்டு அமீனா. தீர்ப்ப நிறைவேத்த வந்திருக்கேன்."

"என்ன தீர்ப்பு?"

"ஒங்க புறாவ எல்லாம் பிடிச்சு அறுவது கிலோமீட்டருக்கு அந்தப் பக்கம் கொண்டு விடணும். மூணு தடவ விட்டாச்சும்மா. முத தடவ கோவில்பட்டி. கூடையத் தொறந்து விட்டுட்டு, பஸ் ஏறி இங்க வந்து ரிப்போர்ட் எழுத உக்காந்தா, எல்லாம் எனக்கு முன்னாடியே வந்து கம்பு தின்னுக்கிட்டு இருக்கு. அடுத்தால சாத்தூர். அதுக்கும் அடுத்தால விருதுநகர். விருதுநகர்ல இருந்து வந்த அன்னிக்கு, என்னயப் பாத்து 'இவ்வளவு நேரமா'ன்னு கேக்குத மாரி ஒண்ணு தலையச் சாய்க்குது. 'நிறைவேற்றப்பட்டது'ன்னு எழுத மனசாட்சி இடம் கொடுக்கல. 'நிறைவேறவில்லை'ன்னு எழுதுனா மறுபடியும் நாந்தான் வரணும்."

பிரிஸ்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பந்தயப் புறாவைக் கூடையில் தூக்கிக்கொண்டு போய் அறுபது கிலோமீட்டரில் விடுவது, குழந்தையை எதிர்வீட்டில் இறக்கிவிட்டு ஊரைவிட்டு அனுப்பிவிட்டோம் என்று நினைப்பதைப் போல. ஆனால் 'தீர்ப்பு' என்ற சொல் மெதுவாக உள்ளே இறங்கியபோது சிரிப்பு பாதியில் நின்றது.

"என் மேல யாரு கேஸ் போட்டா? எனக்கு ஒண்ணுமே தெரியாதே."

"பின்வீட்டுத் தளவாய். தீர்ப்பாகி இன்னியோட நாப்பத்தோரு நாள் ஆச்சு."

வலம்புரித்துறையில் பிரிஸ்கா மச்சாதுவைத் தெரியாதவர்கள் குறைவு. மன்னார் வளைகுடாவில் கரையிலிருந்து இருபது மைல் தள்ளி, கடல்தரையில் நிற்கும் ஆய்வு நிலையத்தில் பவளப் பாறைகளை நட்டு வளர்க்கும் எட்டுப் பேரில் அவளும் ஒருத்தி. ஐந்து மாதம் உள்ளே, இரண்டு மாதம் வெளியே. உள்ளே இருக்கும்வரை அண்ணாந்தால் தண்ணீர்தான் தெரியும். வெளியே வந்தால் அவளுக்கு வானத்தைப் பார்த்தாக வேண்டும். புறா வளர்க்கிறவர்களைப் போல வானத்தைப் பார்க்கிற சாதி உலகத்தில் வேறு கிடையாது. அவள் இல்லாதபோது தீனியும் தண்ணீரும் இயந்திரம் போடும். வாரத்துக்கு ஒருமுறை புறா சங்கத்திலிருந்து ஜெயசிங் என்பவர் வந்து கூட்டைக் கழுவிவிட்டுப் போவார்.

கடலடி நிலையத்தில் சொந்த போன் கிடையாது. அவள் பெயருக்கு வரும் கடிதம், அழைப்பு, அறிவிப்பு எல்லாவற்றையும் குரல்துணை பார்த்துக்கொள்ளும். அந்தக் காலத்தில் குரல்துணை இல்லாத வீடே இல்லை. உடையவரின் குரலைக் கற்றுக்கொண்டு, அதே குரலில் உடையவருக்காகப் பேசும் மென்பொருள். பால்காரருக்குப் பதில் சொல்லும், ரேஷன் கடையில் வரிசை போடும், தூரத்துச் சொந்தக்காரர்களுக்குப் பிறந்தநாள் வாழ்த்துச் சொல்லும். பெரும்பாலும் அந்தப் பக்கத்தில் வாழ்த்தை வாங்கிக்கொள்வதும் இன்னொரு குரல்துணையாகத்தான் இருக்கும்.

பிரிஸ்கா தன் போனை எடுத்தாள்.

"எனக்கு சம்மன் ஏதாச்சும் வந்துச்சா?"

"வந்தது பிரிஸ்கா," என்றது குரல்துணை. அவளுடைய குரலேதான், கொஞ்சம் தேன் தடவியது போல. "பெற்றுக்கொண்டேன். அவசரமில்லாதவை என்ற பகுதியில் இருக்கிறது. சேலைத் தள்ளுபடி அறிவிப்புக்குக் கீழே, பல் மருத்துவரின் நினைவூட்டலுக்கு மேலே."

"ஏன் எனக்குச் சொல்லல?"

"உயிர் போகிற விஷயம் தவிர வேறு எதற்கும் நிலையத்துக்குத் தகவல் அனுப்பாதே என்று சொல்லியிருந்தீர்கள். சம்மனை இரண்டு முறை படித்தேன். அதில் யாருக்கும் உயிர் போகவில்லை."

சுடலையாண்டி வாயைப் பொத்திக்கொண்டு வேறு பக்கம் திரும்பினார்.

குரல்துணை 'பெற்றுக்கொண்டேன்' என்று சொன்னால் உடையவரே பெற்றுக்கொண்டதாக அர்த்தம் என்று நான்கு வருடம் முன்னால் விதி வந்திருந்தது. முப்பது நாளில் பதில் இல்லை என்றால், சின்ன வழக்குகளில் மனித நீதிபதி வரைக்கும் கோப்பு போகாது. விரைவுப் பிரிவில் இயந்திரமே ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பு எழுதிவிடும். நிறைவேற்றவும் உத்தரவு தானாகவே கிளம்பிவிடும். கடைசியில் கூடையைத் தூக்கிக்கொண்டு மாடி ஏற மட்டும்தான் இன்னும் மனிதன் தேவைப்பட்டான்.

அவள் நீதிமன்றத்தின் பக்கத்தைத் திறந்தாள். இரண்டு பொத்தான்கள் இருந்தன. 'தீர்ப்பை ரத்து செய்யக் கோரும் மனு' சாம்பல் பூத்துக் கிடந்தது. அடியில், 'முப்பது நாள் அவகாசம் முடிந்தது'. 'மேல்முறையீடு' பச்சையாக மின்னிக்கொண்டிருந்தது. அவள் விரல் பச்சையை நோக்கிப் போனது.

"யம்மா, பொறுங்க!" என்றார் சுடலையாண்டி. சொல்லிவிட்டுக் கூடையைப் பார்த்துப் பேசுவது போலப் பேசினார். "நான் கோர்ட்டு ஆளு, யோசனை எதுவும் சொல்லப்படாது. ஆனா மாதா கோயில் தெருவுல பேக்கரி மாடியில சங்கரவடிவுன்னு ஒரு வக்கீலம்மா இருக்காங்கன்னு இந்தக் கூடைகிட்ட சொல்லி வைக்கேன். இன்னொண்ணும் சொல்லுதேன். நாலாவது தடவயும் புறா திரும்பி வந்திருச்சுன்னா, றெக்கைய வெட்டி வெளி மாவட்டத்துக் காப்பகத்துக்கு அனுப்பணும்னு அடுத்த உத்தரவு தயாரா இருக்கு. அந்த நாலாவது தடவைக்கு எனக்கு நாள் குறிச்சிருக்கறது வார வெள்ளிக்கிழமைக்கு அடுத்த வெள்ளி."

பிரிஸ்கா போனை அணைத்தாள். சிரிப்பு இப்போது சுத்தமாகப் போயிருந்தது.

*

வக்கீல் சங்கரவடிவுக்கு ஐம்பது வயது இருக்கும். கீழேயிருந்து ரொட்டி வேகும் வாசனை நாள் முழுக்க ஏறி வரும் அறையில், அவர் மட்டும் சர்க்கரை வியாதிக்குப் பயந்து வறுத்த கடலையைக் கொறித்துக்கொண்டு கட்சிக்காரர்களைப் பார்ப்பார்.

"பச்சைப் பொத்தானை அமுக்கிட்டியா?" என்பதுதான் அவருடைய முதல் கேள்வி.

"இல்ல மேடம்."

"புண்ணியவதி. உக்காரு." கடலைத் தட்டை அவள் பக்கம் தள்ளினார். "நீ வராம, ஒன் பக்கத்தக் கேக்காம குடுத்த தீர்ப்பு இது. எக்ஸ்பார்ட்டின்னு சொல்லுவோம். இதுக்கு ரெண்டு வழி இருக்கு. அபீல் போகலாமான்னு கேட்டா, தாராளமா போகலாம். சட்டத்துல இடம் இருக்கு. ஆனா மேல்கோர்ட்டு என்னத்தப் பாக்கும்? கீழ்க்கோர்ட்டுக் கட்டுல என்ன இருக்கோ அதத்தான் பாக்கும். கட்டுல ஒன் பக்கம் என்ன இருக்கு?"

"ஒண்ணும் இல்ல."

"அவரு சொன்னது மட்டும்தான் இருக்கு. அதப் பாத்தா தீர்ப்பு சரியாத்தான் தெரியும். அபீல் தோத்துட்டா, அதுக்கப்புறம் கீழ வந்து 'எனக்குத் தெரியவே தெரியாது, ரத்து பண்ணுங்க'ன்னு கேக்கவும் முடியாது. அந்தக் கதவு அடச்சிரும். நெறைய பேரு பச்சையா மின்னுதேன்னு அமுக்கிட்டு, அப்புறம் இங்க வந்து அழுவாங்க."

"ரெண்டாவது வழி?"

"தீர்ப்பு சொன்ன அதே கோர்ட்டுல போய், 'நான் வராம போனதுக்குக் காரணம் இருக்கு, தீர்ப்ப ரத்து பண்ணிட்டு என்னையும் கேளுங்க'ன்னு மனு போடுறது. நமக்கு அதுதான்."

"அதுக்கு முப்பது நாள் முடிஞ்சிட்டுன்னு போட்டிருக்கே மேடம்."

"எந்த முப்பது நாள்?" சங்கரவடிவின் கண்ணில் ஒரு மினுக்கம் வந்தது. "சம்மன் ஒழுங்கா கெடச்சிருந்தா தீர்ப்புத் தேதியில இருந்து எண்ணணும். சம்மன் ஒழுங்கா வரவே இல்லன்னா, ஒனக்கு எப்பத் தெரிஞ்சுதோ அன்னைல இருந்து எண்ணணும். ஒனக்கு எப்பத் தெரிஞ்சுது?"

"இன்னிக்குக் காலையில. அமீனா சொல்லி."

"அப்போ இன்னும் முழு முப்பது நாள் கையில இருக்கு. மிஷினுக்கு இது தெரியாது. அதுக்கு ஒரே ஒரு கேலண்டர்தான்." கடலையை மென்றுகொண்டே யோசித்தார். "கேள்வி ஒண்ணே ஒண்ணு. ஒன் குரல்துணை வாங்குனது நீ வாங்குனது ஆகுமா? ஆகும்னு விதி சொல்லுது. ஆகாதுன்னு நாம சொல்லணும். இந்த ஜில்லாவுல இதுவரைக்கும் யாரும் சொன்னதில்ல."

"ஜெயிப்போமா மேடம்?"

"தெரியாது. ஆனா ரொம்ப நாளைக்கப்புறம் எனக்கு ஒரு நல்ல கேஸ் வந்திருக்கு," என்று சங்கரவடிவு எழுந்து, அன்றைக்கு ஒரு நாளைக்கு மட்டும் என்று சொல்லிக்கொண்டு, கீழே போய் ஒரு தேங்காய் பன் வாங்கி வந்தார்.

*

மனு மறு புதன்கிழமை விசாரணைக்கு வந்தது. அமீனா நான்காவது தடவை புறா பிடிக்க வரவேண்டிய வெள்ளிக்கு இரண்டு நாள் முன்னால்.

விரைவுப் பிரிவு வந்த பிறகு நீதிமன்றக் கூடத்துக்குள் ஆள் நுழைவதே அபூர்வமாகியிருந்தது. நீதிபதி நூர்ஜமீலா அன்று நேரில் வந்த மூன்று மனிதர்களைப் பார்த்து உண்மையிலேயே சந்தோஷப்பட்டார் என்று பிரிஸ்காவுக்குத் தோன்றியது. பின்வரிசையில் சுடலையாண்டி, வேலை நிமித்தமாக வந்தவரைப் போல உட்கார்ந்திருந்தார்.

தளவாயை அவள் அப்போதுதான் முதல்முறையாகப் பார்த்தாள். மூன்று வருடமாகப் பின்வீடு. ஆனால் அவர் வீட்டு வாசல் அடுத்த தெருவில் திறந்தது. நடுவே ஆளுயரத்துக்கு மேல் மதில். காற்றாலையில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். உயரமான மனிதர். சலவை மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை. வக்கீல் வைக்காமல் தானே வாதாட வந்திருந்தார்.

சங்கரவடிவு தன் பக்கத்தைச் சொல்லி முடித்தார். நீதிபதி நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

"வக்கீலம்மா, குரல்துணை வாங்கினா செல்லாதுன்னு நான் சொல்லிட்டா என்ன ஆகும்னு யோசிச்சீங்களா? நாளைக்கே இந்த வாசல்ல எத்தனை ஆயிரம் பேர் வந்து நிப்பாங்க?"

"நிக்கட்டும் அம்மா. நிக்கறதுக்குத்தானே வாசல் வச்சிருக்கோம்."

நீதிபதி சிரிப்பை அடக்கிக்கொண்டு தளவாய் பக்கம் திரும்பினார். "நீங்க என்ன சொல்றீங்க?"

தளவாய் எழுந்தார். குரல் கணீரென்று இருந்தது. "அம்மா, சட்டம் எனக்குத் தெரியாது. ஆனா இவங்க சொல்லுதது பொய். கேஸே தெரியாது, ஒண்ணுமே தெரியாதுங்காங்க. புறாவால நான் படுத பாட்ட, பதினோரு தடவ போன் போட்டு இவங்ககிட்டயே சொல்லியிருக்கேன். ஒவ்வொரு தடவயும் இவங்கதான் பேசுனாங்க. இதே குரல்! இவ்வளவும் கேட்டுக்கிட்டு ஒரு வார்த்த ஒழுங்கா பதில் சொல்லாத மனுசி, சம்மன் வந்தா மட்டும் பதில் சொல்லியிருப்பாங்களாக்கும்?"

சங்கரவடிவு சட்டென்று பிரிஸ்காவைத் திரும்பிப் பார்த்தார். இதை நீ எனக்குச் சொல்லவில்லையே என்ற பார்வை.

பிரிஸ்கா தன்னை அறியாமல் எழுந்து நின்றிருந்தாள். "அம்மா, நான் இவருகிட்ட ஒரு தடவகூட பேசினதில்ல. சத்தியமா இல்ல."



"உங்க போனைக் குமாஸ்தா மேஜையில வைங்க," என்றார் நீதிபதி. "குரல்துணை அழைப்பையெல்லாம் பதிஞ்சு வச்சிருக்கும் இல்லையா? ஒண்ணொண்ணா போடச் சொல்லுங்க."

முதல் அழைப்பில் தண்ணீர்த் தொட்டியில் எச்சம் விழுகிறது என்று தளவாய் மரியாதையாகச் சொன்னார். பிரிஸ்காவின் குரல், "மிக்க நன்றி, குறித்துக்கொண்டேன்" என்றது. மூன்றாவதில் அவர் கொஞ்சம் குரலை உயர்த்தினார். பிரிஸ்காவின் குரல் அப்படியேதான் இருந்தது. ஐந்தாவதில், ஒரு புறா அவருடைய ஸ்கூட்டர் கண்ணாடியில் முகம் பார்த்துக்கொண்டு ஒரு மணி நேரமாக நகர மாட்டேன் என்கிறது என்றார். "கேட்கவே இனிமையாக இருக்கிறது" என்றது குரல். சுடலையாண்டி இருமினார். நீதிபதிகூட உதட்டைக் கடித்துக்கொண்டார்.

பத்தாவது அழைப்பில் பின்னணியில் நிறையப் பேர் பேசும் சத்தம் கேட்டது.

"யம்மா, பின்வீட்டுத் தளவாய் பேசுதேன். என் வீட்டுக்காரி உலகம்மை காலையில தவறிட்டா. வாசல்ல ஆளுக வந்துக்கிட்டு இருக்காங்க. வாய்க்கரிசிக்கு வச்ச அரிசியில ஒங்க புறா எல்லாம் எறங்குது. இன்னிக்கு ஒரு நாள் மட்டும் அடச்சிப் போடுதீங்களாம்மா?"

"தகவல் தந்தமைக்கு மகிழ்ச்சி," என்றது பிரிஸ்காவின் குரல். "உங்களுக்கு இந்த நாள் இனிய நாளாக அமையட்டும்."

யாரும் இருமவில்லை.

பிரிஸ்காவுக்குக் காது இரண்டும் சுட்டது. அவள் அப்போது கடல்தரையில் ஒரு பாறை இடுக்கில் விரல் நீளப் பவளக் கிளையைப் பொருத்திக்கொண்டிருந்திருப்பாள். இந்தக் குரலைத் தன்னிடமிருந்து எடுத்துக்கொள்ளச் சம்மதம் என்று நான்கு வருடம் முன்னால் ஏதோ படிவத்தின் கட்டத்துக்குள் டிக் போட்டது அவள்தான். போட்டதுகூட நினைவில்லை.

"அண்ணாச்சி," என்றாள். "அது நான் இல்ல அண்ணாச்சி."

தளவாய் மேஜைமேல் கிடந்த போனைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். மறுபடி போனைப் பார்த்தார். இரண்டிலிருந்தும் வந்தது ஒரே குரல்தான். ஆனால் ஒன்று நடுங்கியது.

"அப்போ," என்றார் மெதுவாக, "நான் இத்தன நாளும் யாரு மேல கோவமா இருந்தேன்?"

நீதிபதி போனை அணைக்கச் சொன்னார். பிறகு உத்தரவைச் சொல்ல ஆரம்பித்தார். குமாஸ்தா எழுதிக்கொண்டார்.

"சம்மன் அனுப்பறது எதுக்கு? உன்மேல ஒருத்தருக்கு ஒரு குறை இருக்குன்னு ஒரு ஆளுக்குத் தெரியணும், அதுக்குத்தான். இங்க குறை சொன்னவர் பதினோரு தடவை சொல்லியும் அது எந்த மனுஷர் காதுலயும் விழல. சம்மனும் அப்படியே. விதிப்படி பெற்றாச்சு. ஆனா யாருக்கும் தெரியல. சேலைத் தள்ளுபடிக்கும் பல் டாக்டருக்கும் நடுவுல போய்ச் சேர்ந்ததை, சம்மன் ஆள் கையில சேர்ந்ததா நான் ஏத்துக்க முடியாது. ஒருதலைப்பட்சத் தீர்ப்பு ரத்து செய்யப்படுது. நிறைவேற்றம் நிறுத்தப்படுது. வழக்கு திரும்பக் கோப்புக்கு எடுக்கப்படுது."

பின்வரிசையில் சுடலையாண்டி இரண்டு கையையும் தலைக்கு மேல் கூப்பினார்.

"ஆனா, நிபந்தனை விதிக்க எனக்கு அதிகாரம் இருக்கு." நீதிபதி பிரிஸ்காவை நேராகப் பார்த்தார். "அடுத்த வாய்தாவுக்கு முன்னாடி நீங்க நேர்ல இவர் வீட்டுக்குப் போகணும். பதினோரு குறையையும் இவர் வாயால சொல்ல, நீங்க காதால கேக்கணும். கேட்டாச்சுன்னு ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டுக் கொண்டு வரணும். போன்ல இல்ல."

*

மறுநாள் காலை பிரிஸ்கா சுற்றிக்கொண்டு நடந்து போனாள். மதிலைத் தாண்டினால் நான்கு எட்டு. தெரு வழியாகப் போக ஆறு நிமிஷம் ஆனது. கையில் என்ன கொண்டு போவது என்று தெரியாமல் ஒரு சீப்பு நாட்டுப் பழம் வாங்கியிருந்தாள்.

தளவாய் கதவைத் திறந்தார். நாற்காலியை இழுத்துப் போட்டார். காபி வேண்டுமா என்று கேட்கவில்லை, நேராகக் கொண்டு வந்து வைத்தார். பிறகு கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒரு நோட்டை எடுத்தார். பதினொன்றும் தேதி வாரியாக எழுதப்பட்டிருந்தன.

"ஒண்ணு. தண்ணித் தொட்டி."

"மூடி போட்டுத் தாறேன் அண்ணாச்சி. கூட்டையே கிழக்குப் பக்கம் மாத்திருதேன். அங்கன இருந்தா ஒங்க பக்கம் எறங்காது."

அவர் நிமிர்ந்து பார்த்தார். மாதக் கணக்காகக் கேட்ட கேள்விக்கு அரை நிமிஷத்தில் பதில் வந்ததை அவரால் உடனே நம்ப முடியவில்லை போலிருந்தது.

"ரெண்டு. காலையில அஞ்சரைக்கு எல்லாத்தையும் ஒரே நேரத்துல தொறந்து விடுது அந்த மிஷினு. ராணுவம் கெளம்புத மாரி இருக்கு."

"ஏழு மணிக்கு மாத்திரலாம்."

"ஆறரை போதும்," என்றார் தளவாய், கொஞ்சம் இறங்கி. "நான் ஆறரைக்கு எந்திச்சிருவேன்."

இப்படியே போனது. காயவைத்த வடகத்தில் பாதி காணாமல் போனது ஒரு குறை. ஸ்கூட்டர் கண்ணாடிக் கதையை அவர் சொல்லும்போது இருவருமே சிரித்துவிட்டார்கள். அது எந்தப் புறா என்று பிரிஸ்காவுக்குத் தெரியும். பந்தயத்திலும் அது வழியில் எங்கே ஜன்னல் கண்ணாடியைப் பார்த்தாலும் நின்றுவிடும். ஒரு பந்தயத்திலும் ஜெயித்ததில்லை.

பத்தாவதுக்கு வந்ததும் அவர் பக்கத்தைத் திருப்பப் பார்த்தார்.

"சொல்லுங்க அண்ணாச்சி. நான் கேக்கணும்."

அவர் நோட்டைப் பார்க்காமல் சொன்னார். உலகம்மைக்கு நெஞ்சு வலி வந்தது சமையலறையில். ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே முடிந்துவிட்டது. முப்பத்தெட்டு வருஷம். காற்றாலையில் அவர் தொண்ணூறு மீட்டர் உயரத்தில் தொங்கும் நாளெல்லாம் அவள் கீழே பயந்துகொண்டிருந்தாளாம். கடைசியில் தரையில் நின்றவள் முந்திக்கொண்டாள். பிரிஸ்கா கேட்டுக்கொண்டிருந்தாள். அவர் சொல்லி முடித்ததும், "நான் கடலுக்குள்ள இருந்தேன் அண்ணாச்சி. தெரிஞ்சிருந்தா மேல வந்திருப்பேன்," என்றாள். அது உண்மையாகவும் இருந்தது. உயிர் போகிற விஷயத்துக்குக் கூப்பிடச் சொல்லி அவள்தானே சொல்லியிருந்தாள். குரல்துணை அதை அவளுடைய உயிர் என்று புரிந்துகொண்டிருந்தது.

தளவாய் தலையாட்டினார். மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

"பதினொண்ணு," என்றார். பிறகு நோட்டை மூடிவிட்டார். "அது புகார் இல்ல."

"பின்ன?"

"ஒரு புறா உண்டு. இடது கால்ல ஒரு வெரல் இருக்காது. சாம்பல் நெறம். தெனமும் பதினோரு மணிக்கு எங்க அடுக்களை ஜன்னல்ல வந்து உக்காரும். உலகம்மை அதுக்குச் சோறு வைப்பா. அவகிட்ட வழக்கு பேசும். அவ போனப்பறமும் வந்துச்சு. நானும் வச்சேன். பெறகு ஒரு நாள் வரல. பத்து நாள் பாத்தேன். அத விசாரிக்கத்தான் போன் போட்டேன். அதுக்கு..." அவர் நிறுத்தினார். "'அந்தப் புறா தொடர்பாக உரிய நடவடிக்கை எடுக்கப்பட்டுவிட்டது'ன்னு பதில் வந்துச்சு."

பிரிஸ்கா காபி டம்ளரைக் கீழே வைத்தாள்.

"என் புகாரால அத ஏதோ செஞ்சுட்டீங்கன்னு நெனச்சேன். மறுவாரம்தான் கேஸ் போட்டேன். எல்லாத்தையும் கண்ணுல காணாம தூக்கிட்டுப் போயிரட்டும்னு."

"அண்ணாச்சி, அது உயிரோட இருக்கு!" பிரிஸ்கா நாற்காலியின் நுனிக்கே வந்துவிட்டாள். "முட்ட வைக்க எடம் தேடிச்சுன்னு ஜெயசிங் அண்ணன் அவரு வீட்டுக்குக் கொண்டு போயிட்டாரு. இங்க மிஷின் சத்தத்துல அடகாக்காதுன்னு. அங்க உள்கூட்டுல அடச்சு வச்சிருக்காரு. பொரிச்சும் முடிச்சிட்டு. ஞாயித்துக்கெழம இங்க வருது."

தளவாய் அடுக்களை ஜன்னலைத் திரும்பிப் பார்த்தார்.

"எத்தன குஞ்சு?" என்றார்.

"ரெண்டு."

அவர் எழுந்து உள்ளே போனார். பாத்திரம் உருளும் சத்தம் கேட்டது. எதற்கு என்று தெரியவில்லை. திரும்பி வந்தபோது முகம் கழுவியிருந்தார்.

"வாய்தா என்னிக்கு?"

"பதினாலாம் தேதி."

"நான் வரல தாயி. வாதி வராட்டா கேஸ் தள்ளுபடி ஆயிருமாமே, அந்த அமீனா சொன்னாரு. நீ மட்டும் போ. முடிஞ்சு போகும்."

"அதுவும் சுலபந்தான்," என்றாள் பிரிஸ்கா. "ஆனா வேண்டாம் அண்ணாச்சி. ஆளு வராமலே எல்லாம் நடந்தது போதும். ரெண்டு பேருமே போவோம்."

*

பதினான்காம் தேதி இருவரும் ஒரே ஆட்டோவில் வந்து இறங்கியதைப் பார்த்த சங்கரவடிவு, வாதாடத் தயாரித்து வைத்திருந்த பத்துப் பக்கத்தையும் மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். அவர் முகத்தில் கொஞ்சம் வருத்தம்கூட இருந்தது.

நீதிபதி நூர்ஜமீலா சமரசப் பத்திரத்தை வாங்கி வாசித்தார். கூடு கிழக்குப் பக்கம் மாற்றப்படும். திறக்கும் நேரம் ஆறரை. தண்ணீர்த் தொட்டிக்கு மூடி. பிரதிவாதி கடலுக்குள் போகும் மாதங்களில் புறாக்களை வாதியே பார்த்துக்கொள்வார். வீட்டுச் சாவி ஒன்று அவரிடம் இருக்கும். வாசித்துக்கொண்டே வந்தவர் ஐந்தாவது ஷரத்தில் நின்றார்.

"'இடது காலில் ஒரு விரல் இல்லாத சாம்பல் நிறப் புறா, தினமும் பதினோரு மணிக்கு வாதியின் அடுக்களை ஜன்னலுக்கு வந்துபோகப் பிரதிவாதி எந்தக் காலத்திலும் ஆட்சேபிக்கக் கூடாது.'" அவர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "தீர்ப்பாணையில அடையாளம் தெளிவா இருக்கணும். இந்தப் புறாவுக்குப் பேர் ஏதாவது உண்டா?"

பிரிஸ்கா அதன் கால் வளையத்தில் இருக்கும் எண்ணைச் சொல்ல வாயெடுத்தாள். தளவாய் முந்திக்கொண்டார். கூச்சத்தில் காது மடல் சிவந்தது.

"எங்க வீட்டுக்காரி ஒரு பேரு வச்சிருந்தா அம்மா. ஒரு வேலையும் பாக்காம, சரியா சோத்து நேரத்துக்கு வந்து உக்காந்து, குறையும் சொல்லிட்டுப் போகுதுன்னு."

"என்ன பேர்?"

"மருமவ."

குமாஸ்தா எழுதுவதை நிறுத்திவிட்டு நீதிபதியைப் பார்த்தார். நீதிபதி ஜன்னல் பக்கம் திரும்பித் தோள் குலுங்கச் சிரித்து முடித்துவிட்டு, முகத்தைச் சரிசெய்துகொண்டார்.

"மருமகள்னு போடவா அம்மா?" என்று கேட்டார் குமாஸ்தா.

"அவர் சொன்ன மாதிரியே போடுங்க," என்றார் நீதிபதி.